கெண்டைக் குஞ்சைத் தின்றது கெளுத்தி என்றால், கெளுத்தியைத் தின்பது யார்?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எனக்கு 40 சென்ட்டில் ஒரு மீன்குட்டை இருக்கிறது. ஆடியில் வாய்க்கால் தண்ணீர் விட்டு நிரப்பி, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் சேர்த்து 800 குஞ்சு விட்டேன். எல்லாம் ஒன்றரை அங்குலம் இருக்கும். இரண்டு மாதம் கழித்து வலை இழுத்துப் பார்த்தால் நூறுகூடத் தேறவில்லை. கெளுத்தி மட்டும் ஒரு கூடை நிறைய வந்தது. கெளுத்திதான் குஞ்சுகளைத் தின்றதா? நாலைந்து விரால் விட்டால் கெளுத்தியைத் தின்று தீர்த்துவிடும் என்கிறார் பக்கத்து வயல்காரர். செய்யலாமா? இன்னொரு விஷயம், சில நாள் காலையில் கரையில் கெளுத்தித் தலை மட்டும் கிடக்கிறது. உடலைத் தின்பது எது?

பதில்: முதலில் விரால் யோசனையைக் கைவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கெளுத்தி தின்றதா என்ற கேள்விக்கு, தின்றிருக்க வேண்டும் என்பதே என் பதில். ஆனால் 700 குஞ்சையும் அதன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பையில் அடைத்து வண்டியில் கொண்டுவந்த குஞ்சு, குட்டைத் தண்ணீரின் சூட்டுக்குப் பழகுமுன் கொட்டப்பட்டால் முதல் இரண்டு நாளிலேயே ஒரு பங்கு செத்து அடியில் போய்விடும். அது மேலே மிதக்காததால் நம் கண்ணில் படுவதும் இல்லை. செத்ததைத் தின்பதும் கெளுத்திதான். அதனால் அதன் வயிற்றில் குஞ்சு இருந்தாலே அது கொன்று தின்றது என்று ஆகாது.

நான் மீன்வளத் துறையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியோடு வந்தவர்களிடம் எல்லாம் இரண்டு காரியம் செய்யச் சொல்வேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். விடியுமுன் ஒரு பத்துக் கெளுத்தியைப் பிடியுங்கள். இரவில்தான் அது மேயும், வெயில் ஏறிவிட்டால் வயிற்றில் இருப்பது கரைந்துவிடும். வயிற்றைக் கீறிப் பார்த்தால் கொசுப்புழு, தும்பியின் புழு, சின்ன இறால், சேறு, தவிடு, சில சமயம் குஞ்சின் செதில் எல்லாம் கலந்து கிடக்கும். அடுத்து, அதன் வாயைத் திறந்து ஓர் அளவுகோலை வைத்துக் குறுக்கே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டையில் யார் யாரைத் தின்ன முடியும் என்பது பெரும்பாலும் அந்த அளவில் அடங்கியிருக்கிறது. கெளுத்திக்குக் கடித்துத் துண்டாக்கும் பல் கிடையாது. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் அரம் போல ஒரு சொரசொரப்புப் பட்டை உண்டு. அது பிடித்து நிறுத்தத்தான், வெட்ட உதவாது. இரையை முழுதாக விழுங்கியாக வேண்டும். சின்ன நாட்டுக் கெளுத்தியின் வாயகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். நீங்கள் விட்ட ஒன்றரை அங்குல ரோகு, அதாவது 4 சென்டிமீட்டர் குஞ்சு, முதுகிலிருந்து வயிறு வரை அளந்தால் அதுவும் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். வாய்க்குச் சரியாகப் பொருந்தும் அளவில் குஞ்சைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள். அதே ரோகு 10 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தால் உடல் உயரம் இரண்டரை சென்டிமீட்டர் வந்திருக்கும். அதே கெளுத்தி அதன் பக்கத்திலேயே மேய்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. கட்லா இன்னும் உயரமான உடம்பு, சீக்கிரமே தப்பிக்கும். மிர்கால் ஒல்லி, அதிக நாள் ஆபத்தில் இருக்கும். மிஞ்சிய குஞ்சுகளில் எது அதிகம், எது குறைவு என்று பிரித்து எண்ணிப் பாருங்கள். மிர்கால்தான் அதிகம் குறைந்திருந்தால் என் சந்தேகம் உறுதியாகும்.

இதெல்லாம் உங்கள் கூடையில் வந்தது நாட்டுக் கெளுத்தி என்று வைத்துக்கொண்டு சொல்வது. ‘கெளுத்தி’ என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது ஒரு மீன் அல்ல. முதுகின் பின்பாதியில் கொழுப்பு மடிப்பு போல ஒரு சின்னத் துடுப்பு, நீண்ட மீசை, கையில் எடுத்தால் ‘கிர்ர்’ என்று சத்தம், இவை இருந்தால் நாட்டுக் கெளுத்தி. கருத்த, விலாங்கு போன்ற உடலில் முதுகுத் துடுப்பு முன்பக்கம் குட்டையாக மட்டும் இருந்தால் அது தேளி. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால்வரை நீண்டு ஓடினால் அது நடக்கும் கெளுத்தி இனம். நம் நாட்டு மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இந்த இனத்தில்தான் வரும். வெள்ளி போல மின்னும் தட்டையான உடம்பும், கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் வாய்ப்பிளவும் இருந்தால் ஆற்று வாளை. கடலில் கிடைக்கும் சாவாளையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாளை ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அது ஒன்று குட்டைக்குள் வந்திருந்தால் வாயளவுக் கணக்கெல்லாம் உடைந்துவிடும், அரைக் கிலோ கெண்டைக்கும் பாதுகாப்பு இல்லை. உங்கள் கடிதத்தில் ‘கூடை நிறைய’ என்றிருப்பதால் சின்ன மீன்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இருட்டில், கலங்கல் தண்ணீரில், சேற்றோடு சேறாக இருக்கும் இந்த மீன் குஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிடும். அதற்குக் கண் பெரிதாகப் பயன்படுவதில்லை. மீசை முழுக்க நாக்கில் இருப்பது போன்ற சுவை மொட்டுகள். மீசையில் மட்டுமல்ல, தோல் முழுக்கவே உண்டு. அமெரிக்கக் கெளுத்தி ஒன்றின் உடலில் எண்ணிப் பார்த்தபோது ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தன. உடம்பையே நாக்காகக் கொண்டு நீந்துகிறது என்று சொல்லலாம். தோலில் இன்னொரு நுண்ணிய உறுப்பும் இருக்கிறது. உயிருள்ள எந்த உடம்பிலிருந்தும் கசியும் மெல்லிய மின்சாரத்தை அது உணரும். சேற்றுக்குள் புதைந்த புழுவைத் தோண்டி எடுப்பது அதனால்தான்.

இதைவிட வியப்பான சங்கதி 2001இல் வெளிவந்தது. ஐரோப்பாவின் பெரிய கெளுத்தியையும் சின்னக் கப்பி மீன்களையும் முழு இருட்டில் ஒரே தொட்டியில் விட்டு, அகச்சிவப்புக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். கப்பி நீந்திப் போன பாதையில், அது கிளப்பிவிட்ட நீர்ச்சுழிப்பைத் தொடர்ந்து அதே வளைவு நெளிவோடு கெளுத்தி பின்னாலேயே போய்ப் பிடித்தது. 10 விநாடி பழைய தடத்தைக்கூடப் பின்பற்றியது. நம் கெளுத்தியை வைத்து நடந்த ஆய்வு அல்ல இது. ஆனால் உறுப்புகள் ஒரே குடும்ப வழக்கு. ராத்திரியில் உங்கள் குட்டைக்குள் ஓடாமல் அசையாமல் நிற்கும் குஞ்சுதான் பிழைக்கும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

அதே ஐரோப்பியக் கெளுத்தி பிரான்சின் தார்ன் ஆற்றில், ஆல்பி நகரத்தில், கரையோரம் தண்ணீர் குடிக்க வரும் புறாக்களைப் பிடிக்கிறது. உடம்பில் பாதியைத் தரையில் ஏற்றிக் கவ்விக்கொண்டு மீண்டும் தண்ணீருக்குள் நழுவிவிடுகிறது. 2012இல் வந்த ஆய்வின்படி இந்தப் பாய்ச்சல்களில் 28 சதவீதம் பலித்தது. அந்த மீன் அந்த ஆற்றுக்குச் சொந்தமில்லை, 1983இல் கொண்டுவந்து விட்டது. இடம் மாறிய மீன் தன் உணவையும் மாற்றிக்கொள்ளும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றிப் பேசும்போது இது நமக்குத் தேவைப்படும்.

இனி மறுபக்கம். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது கரையில் கிடக்கும் அந்தத் தலைதான்.

கெளுத்தியின் வாழ்க்கையில் பெரும்பகுதி தின்னப்படும் பயத்தில்தான் கழிகிறது. செடியில் ஒட்டிய முட்டையை மற்ற மீன்கள் மேயும். பொரித்து வந்ததும் தும்பிப் புழுவும் நீர்த்தேளும் காத்திருக்கும். உங்கள் ஒன்றரை அங்குலக் குஞ்சு கெளுத்திக்கு எப்படியோ, அரை அங்குலக் கெளுத்திக் குஞ்சு உங்கள் குட்டையின் பூச்சிகளுக்கு அப்படி. அண்ணன் தம்பியிடமும் தப்ப வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஒரே நாளில் பொரித்தவற்றில் சற்றே பெருத்தது இளைத்ததை வால்பக்கமாகப் பிடித்து விழுங்கத் தொடங்கும், தலை வாய்க்குள் போகாமல் பாதியில் நிற்கும். இன்னும் பெருத்தால் முழுதாகவே விழுங்கும்.

வளர்ந்த பிறகு அதற்கு ஒரு நல்ல ஆயுதம் கிடைக்கிறது. முதுகில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று மூன்று முள். எதிரியைக் கண்டால் விரித்துப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முள்ளை அமுக்கி மடக்க முடியாது, செத்த பிறகும் சில சமயம் அப்படியே நிற்கும். கெளுத்தி ஆய்ந்த வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், திருகித்தான் எடுப்பார்கள். முள் விரிந்ததும் ஒரு சென்டிமீட்டர் அகல மீன் மூன்று சென்டிமீட்டர் அகல மீனாகிவிடுகிறது. வாய்க்குள் அடங்கும் அளவுதான் கணக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தக் கணக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளக் கெளுத்தி கண்ட வழி இது. வட அமெரிக்காவில் கெளுத்தியை விழுங்கிய நீர்ப்பாம்புகளின் விலாவைத் துளைத்துக்கொண்டு முள் வெளியே நீட்டியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் வரும் ‘கிர்ர்’ சத்தமும் அந்தப் பக்கமுள்ளின் அடிப்பகுதி அதன் குழியில் உரசுவதால் வருவதுதான்.

நீர்க்காகம் சின்னக் கெளுத்தியை அப்படியே விழுங்கும். பாம்புத்தாரா அலகால் குத்தி, மேலே கொண்டுவந்து தூக்கிப் போட்டுத் தலை முன்னால் வரும்படி பிடித்து உள்ளே தள்ளும். சாம்பல் நாரை பெரிய கெளுத்தியைக் கரைக்குத் தூக்கிவந்து, அது சோரும்வரை குத்திக் குத்திப் போட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும். தேளிக்கும் நடக்கும் கெளுத்திக்கும் இந்தப் பறவைகளால் கூடுதல் ஆபத்து உண்டு. அவை காற்றையும் சுவாசிக்கும் மீன்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மேலே வந்தாக வேண்டும். சேறும் சகதியுமான தண்ணீரில் மற்ற மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும்போது இவற்றைக் காப்பாற்றும் வரம், நாரையின் கண்ணில் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. காற்றைச் சுவாசிக்கும் சில மீன்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மேலே வந்து மூச்செடுத்துக் கலைந்துவிடும். எந்த ஒன்றைக் குறிவைப்பது என்று பறவை தடுமாறட்டும் என்பதற்காக.

கெண்டையும் கெளுத்தியும் தூரத்து உறவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் காற்றுப்பையிலிருந்து காதுக்குச் சத்தத்தைக் கடத்தும் சின்னஞ்சிறு எலும்புச் சங்கிலி உண்டு, அதனால் இரண்டுக்கும் காது கூர்மை. இரண்டின் தோலிலும் ஓர் எச்சரிக்கைப் பொருள் இருக்கிறது. தோல் கிழிந்தால் அது தண்ணீரில் கலக்கும், பக்கத்தில் இருக்கும் இனத்தார் கலைந்து ஒளிவார்கள். 1938இல் கார்ல் ஃபான் ஃபிரிஷ் சின்னக் கெண்டை வகை மீன்களில் இதைக் கண்டார். கெண்டையைத் தின்னும் கெளுத்தியும், தின்னப்படும் கெண்டையும், தங்கள் சாவை ஒரே விதமாக அறிவிக்கின்றன.

சரி, அந்தத் தலை. பறவை விழுங்கினால் தலை மிஞ்சாது. தலையும் அதோடு ஒட்டிய முட்களும் மட்டும் மிஞ்சுகிறது என்றால், கடித்துத் தின்னும் ஏதோ ஒன்று முள் இருக்கும் பக்கத்தைத் தெரிந்தே ஒதுக்கியிருக்கிறது. கரையின் ஈர மண்ணைப் பாருங்கள். நான்கு விரல், நகம் படாத தடம் என்றால் பூனை. ஐந்து விரலும், விரல்களுக்கிடையே சவ்வின் தடமும் இருந்து, மீன்நாற்றம் வீசும், செதிலும் முள்ளும் கலந்த எச்சம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிடந்தால் நீர்நாய். காவிரி, கொள்ளிடம் கரைகளில் அது இன்னும் இருக்கிறது. நீர்நாய் வாளையைக் காலை உணவாகப் பிடிக்கும் காட்சி சங்கப் பாட்டிலேயே வருகிறது, அவ்வளவு பழைய உறவு. உங்கள் கரைக்கு வருவது நீர்நாயாக இருந்தால் தயவுசெய்து பொறி, விஷம் எதுவும் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே உங்களிடம் கேட்டுக்கொள்வேன். நம் ஆறுகளில் அது மிகவும் குறைந்துபோன உயிர். கெண்டையை விட்டுவிட்டுக் கெளுத்தியை மட்டும் தின்னச் சொல்ல நம்மால் முடியாதுதான். ஆனால் உங்கள் நஷ்டத்தில் அதன் பங்கு சொற்பமாகவே இருக்கும். 4 சென்டிமீட்டர் குஞ்சு அதற்கு ஒரு வாய்க்கும் காணாது.

இப்போது விரால் விஷயம். விரால் கெளுத்தியைத் தின்னாது என்று நான் சொல்லவில்லை, தின்னும். ஆனால் வேட்டையாடும் எந்த உயிரும் எளிதாகக் கிடைப்பதைத்தான் முதலில் எடுக்கும். ஒரு பக்கம் மூன்று முள்ளை விரித்துச் சேற்றில் படுத்திருக்கும் கெளுத்தி, இன்னொரு பக்கம் முள்ளில்லாமல் மேல்நீரில் மினுங்கும் கட்லாக் குஞ்சு. விரால் எதை எடுக்கும்? கெண்டை தீர்ந்த பிறகுதான் கெளுத்தி பக்கம் திரும்பும். கெளுத்தி இரண்டு மாதத்தில் செய்ததை விரால் இரண்டு வாரத்தில் செய்துவிடும், விராலின் வாய் அவ்வளவு பெரிது.

செய்ய வேண்டியது வேறு. இந்த வருடத்துக்கு, இருக்கும் குஞ்சோடு புதிதாகச் சேர்ப்பதென்றால் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் நேரடியாகக் குட்டையில் விடாதீர்கள். அந்த அளவில் கிடைக்கவில்லை என்றால் சின்னக் குஞ்சை வாங்கி, குட்டைக்குள்ளேயே மூங்கில் நட்டு ஹாப்பா வலைக்கூண்டு கட்டி அதில் வளருங்கள். மேலே ஒரு வலை மூடி இருக்கட்டும், நீர்க்காகத்துக்காக. தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்து, வாயளவுக் கணக்கைத் தாண்டியதும் திறந்துவிடுங்கள். இதற்கிடையில் கெளுத்தியைப் பிடித்துக்கொண்டே இருங்கள். மண்புழு கோத்த தூண்டில் வரிசையை இரவில் போட்டு விடியலில் எடுப்பதும், பறி வைப்பதும் போதும். நாட்டுக் கெளுத்திக்குச் சந்தையில் நல்ல விலை, உங்கள் நஷ்டத்தில் கொஞ்சம் அதுவே ஈடுகட்டும். முழுக்க ஒழிக்க நினைக்காதீர்கள், கொசுப்புழுவையும் தும்பிப் புழுவையும் தின்று குறைப்பதும் அதுதான்.

அது வந்த வழி வாய்க்கால். மழைக்காலத்தில் முட்டையிட வயலுக்கு ஏறும் மீன் அது, மேட்டூர்த் தண்ணீரோடு உங்கள் மதகு வழியாக உள்ளே வந்திருக்கிறது. தண்ணீர் விழும் குழாய் வாயில் கொசுவலை அளவுக் கண்ணுள்ள நைலான் வலையை நீண்ட பைபோலத் தைத்துக் கட்டுங்கள். தட்டையாகக் கட்டினால் குப்பை அடைத்து அரை மணியில் கிழியும், பையாக இருந்தால் தாங்கும். தினமும் பையை அவிழ்த்துக் கொட்டுங்கள். ஐப்பசி மழையில் நடக்கும் கெளுத்தி பக்கமுள்ளை ஊன்றி ஈர வரப்பின்மேல் தவழ்ந்தே வரும். அதனால் கரையைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வலை, அடியை மண்ணில் புதைத்துக் கட்டுவது நல்லது.

அடுத்த கோடையில் குட்டையை வற்றவைத்து, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுவதுதான் மிகச் சிறந்த வழி. முழுக்க வற்றாத குட்டை என்றால் இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது துறையின் பரிந்துரை. உங்கள் 40 சென்ட்டுக்கு அது சுமார் 400 கிலோ ஆகும். தண்ணீரை ஓரடிக்கு இறக்கிவிட்டுப் போட்டால் 120 கிலோ போதும். அதன் நஞ்சு இறங்க மூன்று வாரம் விடுங்கள், பிறகு அதுவே எருவாகும். பூச்சிமருந்து வாங்கி ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் சிலரிடம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் வழிந்து வாய்க்காலில் கலந்தால் ஊருக்கே கேடு, செய்யவே கூடாது.

கூடையில் வந்தவற்றில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தலையின் பின்விளிம்பைத் தடவினால் நம் நாட்டு இனத்தில் நடுவில் ஒரே கூம்பாக முடியும், ஆப்பிரிக்கக் கெளுத்தியில் ‘எம்’ எழுத்துப் போல மேடு பள்ளமாக இருக்கும். உடலில் பளிங்குக்கல் போன்ற கருந்திட்டுகளும் இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மீன் அது. நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது, காரணமில்லாமல் இல்லை. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் புகுந்து, நீர்ப்பறவைகளைத் தின்னும் அளவுக்குப் பெருத்ததால் வலைபோட்டுப் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது. நீங்கள் ஒன்றே ஒன்றைப் பிடித்தாலும் பாவம் என்று வாய்க்காலில் விட்டுவிடாதீர்கள். கொன்று புதைத்துவிட்டு, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

தேளி இருந்தால் வெறுங்கையால் எடுக்காதீர்கள், அதன் பக்கமுள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டில் கெடும், வலி குறையும். சூடு சரிதானா என்று குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள், வலியில் மரத்த கை வெந்துபோனாலும் தெரியாது. முள் உடைந்து உள்ளே நின்றாலும், வீக்கம் ஏறினாலும் மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் குட்டை காய்ந்ததும் ஒரு நாள் மண்வெட்டியோடு இறங்கி நடுப்பள்ளத்தின் ஈரச் சேற்றைக் கிளறிப் பாருங்கள். மேலே வெடித்த மண்ணுக்கு அடியில் ஒரு முழ ஆழத்தில் தேளி சுருண்டு கிடக்கும், அதையும் எடுத்த பிறகு தண்ணீர் விடுங்கள்.